முள் ஏறிய இடத்துக்கு வெள்ளையணுக்கள் எப்படி வந்து சேர்கின்றன?

கேள்வி: ஊருணிக்கரை, காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். நான் வணிகவியல் படித்தவள். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். கேள்வி மிக எளிமையானதாகத் தோன்றினால் பொறுத்துக்கொண்டு விளக்க வேண்டுகிறேன்.

போன வாரம் திங்கட்கிழமை மாலை, ஊருணிக் கரையில் வெட்டிப் போட்டிருந்த சீமைக்கருவேலங் கிளையிலிருந்து ஒரு முள் என் அப்பத்தாவின் வலது குதிகாலில் செருப்பையும் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து முகப்பில் உட்காரவைத்து, ஊக்கால் மெல்லக் கிளறி முள்ளை எடுத்துவிட்டு, மஞ்சள் பற்றுப் போட்டோம். முள்ளின் முனை உள்ளே ஒடிந்து நின்றுவிட்டது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. இரவு படுக்கப் போகும்போதே அந்த இடம் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. மறுநாள் காலையில் பாதம் வீங்கி, விண் விண்ணென்று தெறிக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் தொடை இடுக்கில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்துவிட்டது. மருத்துவர் உடனே முனையை எடுத்து, சீழை வெளியேற்றி, ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். இப்போது நன்றாக நடமாடுகிறார்கள்.

அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 14,600 என்றும், அவற்றில் நியூட்ரோபில் என்ற வகை 84 விழுக்காடு என்றும் இருந்தது. சிஆர்பி என்ற ஒன்றும் மிகவும் கூடியிருந்தது. நான் விளக்கம் கேட்டபோது, "அழற்சி ஏற்பட்டால் உடம்பு ரசாயனச் செய்தி அனுப்பும், வெள்ளையணுக்கள் தூண்டப்பட்டு அங்கே போகும்" என்று ஒரே வரியில் சொன்னார்கள். அந்த ஒரு வரிதான் என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் செய்கிறது.

இரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அடித்துக்கொண்டு போகும் ஓர் அணுவுக்குக் கண் இல்லை, காது இல்லை, நரம்பும் இல்லை. குதிகாலில் ஒரு நெல்மணி அளவு இடத்தில் முள் நிற்கிறது என்ற செய்தி அதற்கு எப்படிக் கிடைத்தது? கிடைத்தாலும், ஓடும் வெள்ளத்திலிருந்து சரியாக அந்த இடத்தில் அது எப்படி இறங்கியது? தூண்டப்படுதல் என்றால் அந்த அணுவுக்குள் உண்மையில் என்ன மாறுகிறது? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பழைய விலங்கியல் ஆசிரியர், தேவகோட்டை

அம்மா, உங்கள் கேள்வி எளிமையானது அன்று. முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியிருக்கிறேன். இதை இவ்வளவு தெளிவாகக் கேட்ட மாணவர்கள் மிகச் சிலரே.

நீங்கள் முள்ளிலிருந்து தொடங்கியது எனக்கு இன்னொரு முள்ளை நினைவூட்டுகிறது. 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் எலீ மெட்ச்னிகாஃப் என்ற அறிஞர், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரிகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகிவைத்துவிட்டு, மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தார். முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்துக்கொண்டு நின்றன. அந்த உயிரிக்கு இரத்தக் குழாய்களே கிடையாது. அப்படியானால் அணுக்கள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு அங்கே தேங்கவில்லை, தாமாகவே நகர்ந்து வந்திருக்கின்றன என்பது தெளிவாயிற்று. அயற்பொருளை விழுங்கும் அணுக்களைப் பற்றிய அவருடைய இந்த ஆய்வுகளுக்காக 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1867இல், ஜூலியஸ் கோன்ஹைம் உயிருள்ள தவளையின் நுண்சிரைகளிலிருந்து வெள்ளையணுக்கள் சுவரைக் கடந்து வெளியேறுவதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருந்தார்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். முதல் செய்தியை அனுப்புவது இரத்தத்தில் இருக்கும் அணு அன்று. தோலுக்கு அடியில் ஊர்க்காவலர்களைப் போல எப்போதும் குடியிருக்கும் இரண்டு வகை அணுக்கள் உண்டு; ஒன்று மாஸ்ட் செல், மற்றொன்று மேக்ரோபேஜ். மாஸ்ட் செல்லின் உள்ளே ஹிஸ்டமின் என்ற பொருள் சிறு சிறு மணிகளாக முன்கூட்டியே தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. முள் திசுவைக் கிழித்த சில விநாடிகளுக்குள் அது வெளியே கொட்டப்படுகிறது. உடனே அருகிலுள்ள நுண்தமனிகள் விரிவடைகின்றன, இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அதனால்தான் சிவப்பும் சூடும். நுண்சிரைகளின் உட்சுவர் அணுக்கள் சற்றே சுருங்கி இடைவெளி விடுவதால் இரத்த நீர் கசிந்து திசுவில் தேங்குகிறது, அதுவே வீக்கம். செம்மை, வெம்மை, வீக்கம், வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமானியர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்.

மேக்ரோபேஜ் செய்வது சற்று மெதுவானது, ஆனால் கனமானது. முள்ளோடு உள்ளே போன நுண்ணுயிரிகளின் மேல்தோலில் நம் உடம்பில் இல்லாத சில மூலக்கூறுகள் இருக்கும். அவற்றை அடையாளம் காணும் ஏற்பிகள் மேக்ரோபேஜின் மேற்பரப்பில் உள்ளன. அவற்றில் டோல் வகை ஏற்பிகள் என்ற குடும்பம் முக்கியமானது. இந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்காக ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூஸ் பாய்ட்லரும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்த ஏற்பி தொடப்பட்டவுடன் மேக்ரோபேஜ் தன் மரபணுக்களில் சிலவற்றை இயக்கி, டிஎன்எஃப், இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-8 போன்ற புரதங்களைச் செய்து வெளியே விடுகிறது. இவைதான் உங்களுக்குச் சொல்லப்பட்ட ரசாயனச் செய்திகளில் பெரும்பகுதி. இந்தச் செய்திகள் இரத்தத்தில் கலந்து, காந்தம் இரும்பை இழுப்பது போல வெள்ளையணுக்களைக் காலுக்கு ஈர்க்கின்றன.

அணு எப்படிச் சுவரில் இறங்குகிறது என்பதை என்னைவிடப் புதிதாகப் படித்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

பதில் 2: பள்ளத்தூர்க்காரன், ஆய்வு மாணவர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பிறந்தது பள்ளத்தூர்; இப்போது வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் நியூட்ரோபில் நகர்வைப் பற்றித்தான் வேலை செய்கிறேன். ஐயா எழுதியதில் காந்த உவமை சொன்ன வரியை மட்டும் மரியாதையோடு திருத்த விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சகோதரியின் கேள்விக்கான விடையே அங்குதான் இருக்கிறது. செய்தி இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போய் அணுக்களை அழைத்து வருவதில்லை. அப்படி நடந்தால் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே செய்தி வரும். அணுவுக்கு எங்கே போவது என்று தெரியாது. உண்மையில் நடப்பது வேறு. செய்தி முதலில் மாற்றுவது முள் நின்ற இடத்தின் இரத்தக்குழாய்ச் சுவரை. அணு வழக்கம்போலத் தன் பாட்டுக்குச் சுற்றி வருகிறது. மாறிப்போன சுவரின் மேல் உரசும்போதுதான் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்பது அதற்குத் தெரிகிறது.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கையை வைத்தால் வழுக்கும், தூசிகூட ஒட்டாது. நலமான இரத்தக் குழாயின் உட்சுவர் வெள்ளையணுக்களுக்கு ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் அது உயிருள்ள சுவர். ஹிஸ்டமின் பட்ட சில நிமிடங்களில், அந்தச் சுவர் அணுக்கள் தமக்குள் பைகளில் ஒளித்து வைத்திருந்த பி-செலெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. டிஎன்எஃபும் இன்டர்லியூக்கின்-1உம் வந்து சேர்ந்த ஓரிரு மணி நேரத்தில் இ-செலெக்டின் என்ற இன்னொன்றைப் புதிதாகச் செய்து நிறுத்துகின்றன. வெள்ளையணுவின் மேல் இவற்றைப் பிடிக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் எப்போதும் இருக்கின்றன. அந்தப் பிடி மிகவும் பலவீனமானது, பிடித்த நொடியே விட்டுவிடும். விட்டவுடன் அடுத்தது பிடிக்கும். அதனால் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் ஓடிக்கொண்டிருந்த அணு, விநாடிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கு வேகம் குறைந்து சுவர்மேல் உருளத் தொடங்குகிறது. நான் இதை முதன்முதலில் நுண்ணோக்கித் திரையில் பார்த்த நாளை மறக்க முடியாது. சிவப்பணுக்கள் கோடுகளாகப் பாய்ந்து மறைந்துகொண்டிருக்க, ஓரத்தில் ஒரு வட்டமான அணு மட்டும் தயங்கித் தயங்கி உருண்டு வந்தது, நின்றது, பிறகு பரப்பிக்கொண்டு படுத்தது.

அது ஏன் நின்றது என்பதுதான் அடுத்தது. மேக்ரோபேஜும் சுவர் அணுக்களும் வெளியிட்ட இன்டர்லியூக்கின்-8 என்பது கீமோகைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இது ஓடும் இரத்தத்தில் கரைந்து போய்விடாமல், சுவரின் மேல் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தப்பி இரத்தத்தில் கலந்ததையும், சிவப்பணுக்களின் மேலுள்ள டஃபி என்ற புரதம் உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே உருண்டுவரும் அணுவுக்கு அந்தச் செய்தி சுவரில்தான் கிடைக்கிறது. அது அணுவின் ஏற்பியில் பொருந்தியவுடன் விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு மாற்றம் நடக்கிறது. அணுவின் மேல் இன்டெக்ரின் என்ற புரதங்கள் அதுவரை மடங்கிக் குனிந்து நின்றன. உள்ளிருந்து வரும் கட்டளையால் இப்போது அவை நிமிர்ந்து விரிகின்றன. நிமிர்ந்த இன்டெக்ரின் சுவரிலுள்ள ஐகாம்-1 என்ற புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். உருளுதல் நின்றுவிடும்.

இந்த ஒரு படி எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அரிய பிறவிநோய் காட்டுகிறது. பீட்டா-2 இன்டெக்ரின் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிக மிக அதிகமாக இருக்கும். ஆனாலும் புண்ணில் சீழ் பிடிக்காது, தொப்புள்கொடி விழ வழக்கத்தைவிட வெகுநாள் ஆகும், தொற்று மாறி மாறி வரும். படை முழுவதும் தெருவில் நிற்கிறது. ஒன்றுகூட வீட்டுக்குள் இறங்க முடியவில்லை. சீழ் என்றால் நமக்கு அருவருப்பு; அது வந்து இறங்கி மடிந்த அணுக்களின் குவியல் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்த அருவருப்புப் போய்விட்டது.

நின்ற அணு, சுவர் அணுக்களுக்கு இடையே நுழைந்து திசுவுக்குள் இறங்குகிறது. அங்கே அதற்கு வழிகாட்டுவது செறிவு வேறுபாடு. முள்ளின் அருகே நுண்ணுயிரிகளிலிருந்து உதிரும் ஃபார்மைல் பெப்டைடுகள் என்ற புரதத் துண்டுகளும், இரத்த நீரிலிருந்து கசிந்த காம்ப்ளிமென்ட் புரதத்திலிருந்து வெட்டுப்பட்டுப் பிரியும் சி5ஏ துண்டும், லியூக்கோட்ரையீன் பி4 என்ற கொழுப்புப் பொருளும் செறிவாக இருக்கும்; தள்ளிப் போகப் போகக் குறையும். ஏறத்தாழ பத்து மைக்ரோமீட்டர் நீளமே உள்ள அந்த உடலின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே ஒன்றிரண்டு விழுக்காடு வேறுபாடு இருந்தாலே அணு அதை உணர்ந்துவிடும். செறிவு கூடிய பக்கத்தில் ஆக்டின் இழைகள் கோத்து முன்பாதம் நீளும்; பின்பக்கத்தில் மையோசின் சுருங்கி உடலை இழுக்கும். அடுத்தடுத்து வரும் அணுக்களுக்கு, முன்னால் போனவை விடும் லியூக்கோட்ரையீன் பி4 கூடுதல் வழிகாட்டியாகிறது. வழியில் இரண்டு செய்தி ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நுண்ணுயிரியிடமிருந்து வரும் ஃபார்மைல் பெப்டைடின் செய்தி, நம் அணுக்கள் அனுப்பும் இன்டர்லியூக்கின்-8இன் செய்தியை மீறி நிற்கும். வழிகாட்டுபவர் சொல்வதைவிட எதிரியின் நேரடித் தடயத்துக்கே அணு மதிப்புக் கொடுக்கிறது.

ஊருணிக்கரை எழுதியது

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தி அணுவைத் தேடிப் போகவில்லை, இடம்தான் மாறியது என்பதைப் படித்தபோது ஒரு வாரக் குழப்பம் தீர்ந்தது. இரண்டு ஐயம் எஞ்சியிருக்கிறது. அணு கிருமியைக் கொல்லும் ஆயுதங்களை வைத்திருக்கிறது என்றால், இரத்தத்தில் ஓடும்போதே அது தவறிப்போய் வெடித்து நம்மையே எரித்துவிடாதா? இன்னொன்று, அப்பத்தாவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. அதனால் இதில் ஏதாவது மாறுமா?

பதில் 3: பள்ளத்தூர்க்காரன், ஆய்வு மாணவர்

தூண்டப்படுதல் என்பது ஒரே அடியாக நடப்பதில்லை, படிப்படியாகத்தான் நடக்கிறது. டிஎன்எஃப் போன்ற செய்தி பட்டவுடன் அணு முதலில் தயார்நிலைக்கு மட்டும் வருகிறது. அந்த நிலையில் அது ஆயுதத்தை இயக்காது. அடுத்த செய்தி வந்தால் பல மடங்கு வேகமாக இயக்கும், அவ்வளவுதான். அந்த அடுத்த செய்தி திசுவுக்குள், பகைவனின் அருகில்தான் போதிய அளவு கிடைக்கும்.

ஆயுதத்தை வைத்திருக்கும் விதத்திலும் ஒரு பாதுகாப்பு உண்டு. பெரிய வீடுகளில் பெட்டகத்துக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு, சாவியை இரண்டு பங்காளிகளிடம் பிரித்துக் கொடுத்து வைத்திருப்பார்கள் அல்லவா? நியூட்ரோபிலின் முதன்மை ஆயுதமான என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதியும் அப்படித்தான் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒரு பகுதி சவ்வில் பதிந்திருக்கும். மறுபகுதி அணுவின் உள்திரவத்தில் தனியாக மிதக்கும். ஏற்பியில் ஃபார்மைல் பெப்டைடோ சி5ஏவோ பொருந்தினால், உட்புறமுள்ள ஜி-புரதம் விழிக்கிறது. அது பாஸ்போலைபேஸ் சி என்ற நொதியை இயக்குகிறது. அந்த நொதி சவ்வின் கொழுப்பு ஒன்றை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு போய் உள்ளறைகளில் அடைத்து வைத்திருந்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. மற்றத் துண்டு கால்சியத்தோடு சேர்ந்து புரோட்டீன் கைனேஸ் சி என்பதை எழுப்புகிறது. அது உள்திரவத்தில் மிதக்கும் பகுதியில் பாஸ்பேட் குறியிட, அந்தப் பகுதி சவ்வுக்கு நகர்ந்து தன் மறுபாதியோடு பொருந்துகிறது. இரண்டும் பொருந்தினால்தான் ஆக்சிஜன் சூப்பராக்சைடாக மாறும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் உதவியால் அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகும். துணி வெளுக்கும் திரவத்தில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். மையலோபெராக்சிடேஸ் பச்சை நிறமுடையது. சீழிலும் முற்றிய சளியிலும் தெரியும் பச்சைச் சாயலுக்கு அது ஒரு காரணம்.

இவ்வளவு காவல் இருந்தும் தவறு நேர்வதுண்டு. தொற்று இரத்தத்தில் பரவி, செய்தி உடம்பெங்கும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டால், நுரையீரல் போன்ற நுண்குழாய் மிகுந்த உறுப்புகளில் அணுக்கள் தேங்கிச் சேதம் செய்கின்றன. காயத்தோடு காய்ச்சலும் குளிரும் மூச்சு வாங்குதலும் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சர்க்கரையைப் பற்றி: நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, நியூட்ரோபில் நகர்வதையும் விழுங்குவதையும் கொல்வதையும் மந்தமாக்கும், பாத நரம்புகளின் உணர்ச்சியையும் குறைக்கும். உங்கள் அப்பத்தாவுக்கு விண் விண்ணென்று வலித்ததே ஒரு நல்ல செய்தி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். முள் ஏறியதே தெரியாமல் நடந்துகொண்டிருப்பவர்களின் கால்களைத்தான் நாம் மிகவும் கவனிக்க வேண்டும்.

பதில் 4: கண்ணாடிச்சில்லு, ஆய்வக நுட்பர், காரைக்குடி

நான் தினமும் இரத்தம் எண்ணுகிறவன் என்பதால் அந்த 14,600 என்ற எண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெரியவர்களுக்குப் பொதுவாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். கூடுதலாக வந்தவை எங்கிருந்து வந்தன என்று பலரும் கேட்பதில்லை. நியூட்ரோபில்களில் ஏறத்தாழ பாதி எப்போதும் குழாய்ச் சுவர்களை ஒட்டியே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். ஊசியில் நாம் எடுக்கும் இரத்தத்தில் அவை வருவதில்லை. ஓடிவந்து உடனே இரத்தம் கொடுத்தாலோ, பயந்து பதறியிருந்தாலோ அட்ரினலின் அவற்றைச் சுவரிலிருந்து கிளப்பிவிடும், எண்ணிக்கை ஏறும். ஆகையால் எண்ணிக்கை ஏறியது மட்டுமே தொற்றுக்குச் சான்று ஆகாது.

தொற்றில் ஏறுவது வேறு. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைச் செய்கிறது. கணிசமான இருப்பும் அங்கே உண்டு. அழற்சியின்போது எழும் ஜி-சிஎஸ்எஃப் என்ற செய்தி மஜ்ஜைக்குப் போய் அந்த இருப்பைத் திறந்துவிடுகிறது. இந்தச் செய்தி இரத்தத்தின் வழியே தூரம் போவதுதான் என்பதை ஆசிரியர் ஐயாவின் பக்கம் நின்று சொல்கிறேன். லீஷ்மன் சாயம் போட்ட கண்ணாடிச் சில்லை எண்ணெய் வில்லைக்கு அடியில் வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முதிர்ந்த நியூட்ரோபிலின் உட்கரு மூன்று நான்கு மடல்களாக, மெல்லிய நூலால் கோத்த ஊதா மணிகள் போல இருக்கும். அவசரமாக அனுப்பப்பட்ட இளையவற்றில் மடல் பிரியாமல், லாடம் போல வளைந்த ஒரே பட்டையாக இருக்கும். அதைப் 'பேண்ட்' என்று எழுதி மருத்துவருக்குக் கொடுப்போம். பேண்ட் கூடியிருந்தால் மஜ்ஜை வேகமாகப் படை அனுப்புகிறது என்று பொருள்.

சிஆர்பி என்ற புரதத்தைக் கல்லீரல் செய்கிறது. அழற்சி இடத்திலிருந்து இன்டர்லியூக்கின்-6 வந்து தூண்டிய ஆறேழு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சம் தொடும். தூண்டுதல் நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். முள் முனையை எடுத்த இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பார்த்து, அது நன்றாக இறங்கியிருந்தால் அழற்சி அடங்கி வருகிறது என்பதற்கு அது ஒரு நல்ல ஆதாரம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து அணுக்கள் சுவரில் ஒட்டுவதைக் குறைப்பதால் அவை இரத்தத்திலேயே நின்றுவிடுகின்றன. எண்ணிக்கை உயர்வாகத் தெரியும், புண்ணுக்குப் போவதோ குறைவாக இருக்கும்.

பதில் 5: பூக்கல் வீடு, ஆத்தங்குடி

ஐயாமார்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிறது. கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துவது முழுவதும் கைவேலை. ஈரச் சிமெண்டில் நாள் முழுக்க நிற்கும்போது விரல் இடுக்கு சிவந்து, வீங்கி, வெடித்துப் போகிறது. இதில் முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. அப்படியிருக்க வெள்ளையணுவுக்குச் செய்தி கொடுப்பது யார்?

பதில் 6: பள்ளத்தூர்க்காரன், ஆய்வு மாணவர்

இது மிக நல்ல கேள்வி. ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. தோலின் மேலணுக்கள் அதில் மடிகின்றன. தோலணுக்கள் இன்டர்லியூக்கின்-1 ஆல்ஃபா என்ற செய்தியை முன்கூட்டியே செய்து தமக்குள் வைத்திருக்கின்றன. அணு உடைந்தால் அது தானாகவே வெளியே கொட்டிவிடும். யாரும் அனுப்ப வேண்டியதில்லை. உடைந்த அணுவிலிருந்து சிந்தும் ஏடிபியும் அபாயச் செய்திதான், ஏனென்றால் நலமான திசுவில் அது அணுவுக்கு வெளியே அவ்வளவாக இருக்காது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது மைட்டோகாண்ட்ரியா. அவை மிகப் பழங்காலத்தில் பாக்டீரியாவாக இருந்து நம் முன்னோடி அணுக்களுக்குள் குடிபுகுந்தவை. இன்றும் தம் சொந்தப் புரதங்களைப் பாக்டீரியாவைப் போலவே ஃபார்மைல் குறியோடு தொடங்குகின்றன. ஆகவே நம் அணு கிழிந்து மைட்டோகாண்ட்ரியா சிந்தினால், கிருமியே இல்லாமலும் கிருமி வந்தது போன்ற செய்தி நியூட்ரோபிலுக்குப் போய்ச் சேருகிறது. மூட்டுவாத வகையில் கௌட் என்று சொல்வார்களே, அதிலும் கிருமி இல்லை; மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்களை மேக்ரோபேஜ் விழுங்க, அதனுள் எழும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா இரவோடு இரவாகக் கால் கட்டைவிரலைச் சிவக்கவைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சிமெண்டில் சிறிதளவு குரோமேட் இருக்கிறது. சிலருக்கு அது ஒவ்வாமை ஆகிவிடும். அது டி-அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களின் வேலை. தொட்ட உடனே வராது, ஓரிரு நாள் கழித்து அரிப்போடும் கொப்புளத்தோடும் வரும். வெறும் கார எரிச்சலா, ஒவ்வாமையா என்பதைத் தோல் மருத்துவர் பட்டைப் பரிசோதனையில் பிரித்துச் சொல்வார். இரண்டுக்கும் கையுறை அவசியம். வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவுவதும் அவசியம்.

பதில் 7: பழைய விலங்கியல் ஆசிரியர், தேவகோட்டை

தம்பியின் திருத்தத்தை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன். காந்தம் என்ற உவமையை நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அந்த மாணவர்கள் எங்கே இருந்தாலும் இதைப் படித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

எப்படி முடிகிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அழற்சி தானாக அடங்கிப்போவதில்லை. அதை அடக்குவதற்கும் செய்தி உண்டு. சிவப்புக்கும் வலிக்கும் காரணமான புரோஸ்டகிளாண்டின்களைத் தடுத்துத்தான் ஆஸ்பிரின் வேலை செய்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்தப் புரோஸ்டகிளாண்டின்களே, சில மணி நேரம் கழிந்த பிறகு, வந்து சேர்ந்த அணுக்களின் கொழுப்பு உற்பத்தியைத் திசைமாற்றுகின்றன. அழைக்கும் லியூக்கோட்ரையீன் குறைந்து, நிறுத்தும் லிப்பாக்சின் கூடுகிறது. புதிய நியூட்ரோபில்கள் நுழைவது நிற்கிறது. உள்ளே இருப்பவை தாமாக மடிகின்றன. அவற்றை மேக்ரோபேஜ் விழுங்கி, அதுவரை எழுப்பிய அதே வாயால் இன்டர்லியூக்கின்-10 போன்ற அடங்கச் சொல்லும் செய்திகளை வெளியிடுகிறது. ஆனால் முனை உள்ளேயே நின்றிருந்தால் இந்தத் திருப்பம் நடக்காது. மேக்ரோபேஜ்கள் அதைச் சுற்றிச் சேர்ந்து, ஒன்றோடொன்று இணைந்து, நாள்பட்ட முடிச்சாக இறுகிவிடும். மெட்ச்னிகாஃப் தன் நுண்ணோக்கியில் பார்த்தது அதன் முதல் இரவு.

ஊருணிக்கரை எழுதியது

நேற்று மறுபடி இரத்தம் கொடுத்தோம். வெள்ளையணுக்கள் 8,200க்கு இறங்கிவிட்டன. சிஆர்பியும் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டதால் அப்பத்தாவின் பழைய சில்லையும் புதிய சில்லையும் எனக்குக் காட்டினார்கள். பழையதில் லாடம் போல வளைந்தவற்றை நானே மூன்று இடங்களில் கண்டுபிடித்தேன். புதியதில் எவ்வளவு தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மருத்துவர் எடுத்த முள் முனையை அப்பத்தா ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள். அளந்து பார்த்தேன், மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கிறது.